கூத்தும் பறையும் கடல் தாண்டும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூத்து, பறை, கரகக் குழுக்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, அழைப்புக் கடிதத்தைப் படித்துச் சொல்வது, விழா மேடையில் அறிமுகம் பேசுவது என்று என் பொழுது போகிறது. போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கலைஞர்களும் கேட்கிறார்கள், விழா நடத்துகிறவர்களும் கேட்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

"நாட்டார் வழக்காறுன்னா கரகாட்டம், ஒயிலாட்டம் மாதிரி ஆட்டம்தானே?"

ஆட்டம் அதில் ஒரு பகுதி. பாட்டி போடும் விடுகதை, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, தெற்கே கொடை விழாக்களில் சுடலைமாடன் கதையைப் பாடும் வில்லுப்பாட்டு, அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்யும் வேளாரின் கைப்பக்குவம், மழை வேண்டி இழுக்கும் கொடும்பாவி, எல்லாமே வழக்காறுதான். வாய்வழியாகவும் கைவழியாகவும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகிற எதுவும் இதில் அடங்கும்.

விழாக்காரர்களுக்கு இதில் பாதி உதவாது. தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும், சத்தம் வேண்டும், பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். அதனால் கரகம், பொய்க்கால் குதிரை, பறை எல்லாம் மேடைக்கு வந்துவிட்டன. ஒப்பாரியும் விடுகதையும் வீட்டோடு நின்றுவிட்டன. விழாவால் கலை பிழைக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தக் கலை என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

"கோயில் திருவிழாவுலயும் ஆடுறாங்க, கலை விழாவுலயும் ஆடுறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுக்கு ஒரு முறை போய்வந்தால் இந்தக் கேள்வி வராது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணி வாக்கில் மேளம் கட்டினால் முடிய விடிந்துவிடும். அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறி உச்சிக்குப் போவார். அங்கிருந்து அவர் வீசும் எலுமிச்சைக்கும் விபூதிக்கும் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். படுகளத்தன்று தரையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருப்பான். பீமன் வேடமும் துரியோதனன் வேடமும் அவனைச் சுற்றிச் சுற்றிச் சண்டை போடும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அன்று மாலை தீமிதி.

அங்கே கூத்து ஊராரின் வேண்டுதலில் ஒரு அங்கம். ஊரில் வரி வசூலித்து, குழுவை நடத்தும் கூத்து வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துக் கூத்து வைக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குக் கதை தெரியும்; நடுவில் தூங்கலாம், எழுந்து டீ குடிக்கப் போகலாம், கோமாளியான கட்டியங்காரன் வந்ததும் உட்கார்ந்து சிரிக்கலாம். கலை விழாவில் பணம் அரசிடமிருந்தோ நிறுவனத்திடமிருந்தோ வருகிறது. எதிரில் இருப்பவருக்குக் கதையே தெரியாமல் இருக்கலாம்.

இன்னொரு வித்தியாசத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கூத்துக்கு வந்த பையன் முதலில் பின்பாட்டில் நின்று பழகுவான். கூட்டம் பாதி தூங்கும் நடுச்சாமத்தில் அவனுக்கு ஒரு சின்ன வேடம் கொடுப்பார்கள். தப்பு செய்தாலும் பெரிதாகப் போவதில்லை, நாலு இரவில் தேறிவிடுவான். இருபது நிமிட மேடையில் அவனுக்கு இடமே கிடையாது. குழுவில் நன்றாக ஆடுகிறவர்கள் மட்டும்தான் அங்கே ஏறுவார்கள்.

"அப்போ சென்னை சங்கமம் மாதிரி விழாவெல்லாம் வீண்தானா?"

இல்லவே இல்லை. 2007 பொங்கலையொட்டித் தொடங்கிய சென்னை சங்கமம் சில ஆண்டுகள் நடந்து நின்றது. 2023-ல் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு திரும்ப வந்தது. பூங்காவிலும் கடற்கரையிலும் விளையாட்டுத் திடலிலும் தேவராட்டத்தையும் தப்பாட்டத்தையும் நகரத்துப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். கலைஞர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. நடக்கும் நேரமும் நல்ல நேரம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் கூத்து கிடையாது, மார்கழியும் அப்படியே போகும். கையில் காசில்லாத அந்த மாதங்கள் முடியும்போது பொங்கலுக்கு ஒரு வாரம் வேலை கிடைப்பது பெரிய விஷயம்.

வேறு குழுக்களோடு ஒரே கூடத்தில் தங்குவதால் வரும் பலனை எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள். குமரி மாவட்ட வில்லுப்பாட்டுக்காரரும் செய்யாறு பக்கத்துக் கூத்துக்காரரும் பேசிக்கொள்ள வேறு எங்கே வாய்ப்பு? முன்பணம் எவ்வளவு வாங்குகிறீர்கள், யார் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், யார் இழுத்தடிக்கிறார்கள் என்ற தகவல் அங்கேதான் கைமாறுகிறது. என் குறையெல்லாம் தேர்வு பற்றித்தான். பழக்கமான குழுவையே திரும்பத் திரும்பக் கூப்பிடுவது அமைப்பாளருக்கு வசதி. பக்கத்து ஊரில் இருக்கும் குழு அப்படியே மறக்கப்படுகிறது.

"வெளிநாட்டுல நாட்டுப்புற விழாவை யார் நடத்துறாங்க? அரசாங்கமா?"

மூன்று வகை உண்டு. முதலாவது, ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் ஊர் ஊராக நடக்கும் விழாக்கள். பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்களும் நகராட்சிகளும் சேர்ந்து நடத்துகின்றன. பிரான்சில் கோன்ஃபோலான் என்ற சிற்றூரில் 1958 முதல் இப்படி ஒரு விழா நடக்கிறது. 1970-ல் அங்கேதான் 'சியோஃப்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாட்டார் விழாக்களின் பன்னாட்டு மன்றம் உருவானது. இன்று பல நாட்டு விழாக்கள் அதில் உறுப்பினர். 1996-ல் நெதர்லாந்தில் 'ஃபோக்லோரியாடா' என்ற உலகக் கூடலையும் அது தொடங்கியது. 2016-ல் மெக்சிகோவிலும் 2021-ல் ரஷ்யாவின் பஷ்கொர்தோஸ்தானிலும் அது நடந்தது.

இரண்டாவது, பெரிய நிறுவனங்கள் ஆராய்ச்சியோடு சேர்த்து நடத்துபவை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967 முதல் நடத்தும் நாட்டார் வாழ்வியல் விழா அப்படிப்பட்டது. மூன்றாவது, அரசுக்கு அரசு நடக்கும் பரிமாற்றம். நம் நாட்டில் அதைப் பார்த்துக்கொள்வது 1950-ல் தொடங்கிய இந்தியக் கலாச்சார உறவுகள் கழகம், அதாவது ஐ.சி.சி.ஆர். இவை போக, அமெரிக்காவிலும் கனடாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ச் சங்கங்கள் தங்கள் விழாக்களுக்கு அழைப்பதும் உண்டு. நம் குழுக்களுக்கு நடைமுறையில் எளிதான வழி அதுதான்.

"அழைப்பு வந்துடுச்சு. விமான டிக்கெட் அவங்கதானே போடுவாங்க?"

பெரும்பாலும் இல்லை. ஐரோப்பிய நாட்டார் விழாக்களில் வழக்கம் இதுதான்: விழா நடக்கும் ஊருக்கு வந்து சேரும் செலவு குழுவினுடையது; வந்த பிறகு தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் வண்டி விழாவினுடையது. பள்ளிக்கூட விடுதியிலோ ஊர்க்காரர் வீட்டிலோ தங்க வைப்பார்கள். கையில் கொஞ்சம் செலவுக்காசு கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். அங்கே ஆட வருகிறவர்களில் பலர் மாணவர்கள், வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவர்கள். ஆட்டமே பிழைப்பாக உள்ள நம் கலைஞருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பத்து நாள் போனால் பத்து நாள் கூலி போச்சு. அதை யார் ஈடு செய்வார்கள் என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

ஐ.சி.சி.ஆர். அனுப்பினால் பயணச் செலவை அவர்களே ஏற்பார்கள். ஆனால் அவர்களுடைய கலைஞர் பட்டியலில் முதலில் இடம் பிடிக்க வேண்டும், தேர்வு உண்டு. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்துக்கும் வெளிநாட்டு விழாக்களுக்கு உதவும் திட்டங்கள் இருக்கின்றன. எதிலும் மாதக்கணக்கில் முன்னேற்பாடு வேண்டும். 'பதிவுக் கட்டணம் கட்டினால் உலக விருது, சான்றிதழ், கோப்பை' என்று வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடவே வேண்டாம். கலைஞரிடம் காசு வாங்கிக்கொண்டு கலைஞரைக் கௌரவிக்கும் விழா எனக்குத் தெரிந்து உருப்படியாக நடந்ததில்லை.

"எத்தனை பேர் போகலாம்? விசா கொடுக்க ஏன் இவ்வளவு கெடுபிடி?"

கூத்துக் குழு என்றால் 12 முதல் 15 பேர். ஐரோப்பிய விழாக்கள் ஆட்டக்காரர், இசைக்காரர் எல்லாம் சேர்த்து 25, 30 பேர் கொண்ட குழுவை எதிர்பார்ப்பது வழக்கம். அதற்காக இரண்டு குழுக்களைச் சேர்த்து ஒரு குழுவாகக் காட்டுவதும், வேடமே கட்டாத ஆளைப் பட்டியலில் நுழைப்பதும் நடக்கிறது. கெடுபிடிக்குக் காரணமே இதுதான். கலைக்குழு என்ற பெயரில் ஆட்களைக் கூட்டிப்போய் அங்கேயே விட்டுவிட்டு வருவதற்குப் பஞ்சாபில் 'கபூதர்பாசி' என்று பெயரே இருக்கிறது, வழக்குகளும் தண்டனைகளும் இருக்கின்றன. தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியும். நேர்முகத்தில் 'கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள்' என்று கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அடையாள அட்டை, பழைய நிகழ்ச்சிகளின் நோட்டீஸ், செய்தித்தாள் நறுக்கு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். நம் ஆட்களுக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு: பெயர். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்து, குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் சில இடங்களில் சிக்கல். ஐக்கிய அரபு அமீரகம் 2022-ல் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது எத்தனையோ பேர் தடுமாறினார்கள். புதிதாகக் கடவுச்சீட்டு எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

"பறை, தவில், மயிலாட்ட உடை எல்லாத்தையும் விமானத்துல கொண்டுபோக விடுவாங்களா?"

மயிலாட்டத்துக்குத்தான் முதல் அடி. உதிர்ந்த மயிலிறகை நாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்தியாவிலிருந்து அதை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. இறகு வைத்துச் செய்த கைவினைப் பொருளுக்கும் அதே தடை. விமான நிலையத்தில் நின்று இது வியாபாரத்துக்கு இல்லை, ஆட்டத்துக்கு என்று வாதாடி ஜெயிக்கலாம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். செயற்கை இறகில் தனியாக ஒரு உடை தைத்து வைத்துக்கொள்வதே நல்லது. உடும்புத் தோல் கட்டிய கஞ்சிராவை இங்கேயே வைத்திருப்பது குற்றம், அங்கே கொண்டுபோவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் கட்டிய கருவிகளைப் பெரும்பாலான நாடுகள் விடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இறங்கியதும் படிவத்தில் கட்டாயம் எழுதிக் காட்ட வேண்டும். தோல் சுத்தமாக, முடியில்லாமல், பூச்சி அரிக்காமல் இருக்க வேண்டும். மறைத்தால் அபராதம். பறையின் மரச்சட்டத்து இடுக்கில் மண் ஒட்டியிருந்தாலும் கேள்வி வரும், கிளம்பும் முன்பே துடைத்துவிடுங்கள்.

அப்புறம் காய்ச்சும் பிரச்சினை. பறையை வைக்கோலும் சருகும் போட்டுத் தீயில் காட்டினால்தான் தோல் விறைத்து ஓசை எழும். குளிரூட்டிய அரங்கிலும் ஈரமான ஊரிலும் அரை மணி நேரத்தில் தோல் தொய்ந்து 'தொம் தொம்' என்று ஆகிவிடும். அரங்குக்குள் தீ மூட்ட எந்த நாட்டிலும் விட மாட்டார்கள். சூடான காற்று ஊதும் கருவியையோ மின் அடுப்பையோ வைத்துச் சமாளிக்கிறார்கள். சிலர் செயற்கைத் தோல் கட்டிய பறையை எடுத்துப்போகிறார்கள். செயற்கைத் தோலுக்குத் தொய்வு இல்லை, ஆனால் சிண்டுக்குச்சி விழும் ஓசை தட்டையாக இருக்கிறது. முடிந்தால் வாசலில் தீ மூட்ட முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். காய்ச்சுவதையே நிகழ்ச்சியின் முதல் பகுதியாக வைத்தால் ஜனம் சுற்றி நின்று பார்க்கும், கேள்வி கேட்கும். மேடையில் ஆடுவதைவிட அந்தக் கால் மணி நேரத்தில்தான் அதிகப் பேச்சு நடக்கிறது.

"ராத்திரி பூரா ஆடுற கூத்தை இருபது நிமிஷத்துல எப்படிக் காட்டுறது?"

முழுக் கதையையும் சுருக்கிக் காட்டப் பார்க்காதீர்கள். சூதாட்டம், துகில், வனவாசம், போர் என்று ஓடினால் பார்க்கிறவருக்கு ஒன்றும் ஒட்டாது. ஒரே ஒரு கட்டத்தை அதன் இயல்பான வேகத்தில் காட்டுங்கள். எனக்குப் பிடித்தது திரைப் பிரவேசம். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, வேடக்காரர் உள்ளே நின்று பாடுவார். முதலில் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், பிறகு சலங்கைச் சத்தம் வரும். திரை விலகியதும் புஜக்கட்டையும் பாவாடையும் சுழலக் கிறுகிறுவென்று சுற்றுவார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

முகவீணை என்ற ஊதுகுழலும் மிருதங்கமும் தாளமும் நேரடியாக ஒலிக்கட்டும். செலவு மிச்சமென்று பதிவு செய்த பாட்டைப் போட்டு ஆடினால் கட்டியங்காரனுக்கு வேலையே இல்லை. அவன் எதிரில் இருப்பவரைப் பார்த்து அந்த நொடியில் பேசுகிறவன். மேலே சொன்ன சியோஃப் வகை விழாக்களும் நேரடி இசையைத்தான் எதிர்பார்க்கின்றன.

"விண்ணப்பத்துல உங்க கலை அசலா, மெருகேத்தினதா, புதுசா உருவாக்கினதான்னு கேக்குறாங்க. எல்லாரும் அசல்னுதானே எழுதுவாங்க?"

எழுதுவார்கள், பிறகு மாட்டிக்கொள்வார்கள். ஊரில் ஆடுகிற அடவு (ஆட்ட அசைவு), ஊரில் உடுத்துகிற உடை, ஊர்க்கருவி இருந்தால் முதல் வகை. அதே அடவை மேடைக்காக வரிசை மாற்றி, ஒழுங்கு செய்திருந்தால் இரண்டாவது. நாட்டார் அடவைச் சும்மா ஒரு குறிப்பாக எடுத்துப் புதிதாக அமைத்தது மூன்றாவது. மூன்றுக்கும் விழாக்களில் இடம் உண்டு, எதுவும் கேவலம் இல்லை. கல்லூரி மாணவர்கள் ஒரே நிறச் சேலையில் வரிசையாக ஆடும் கும்மியை 'ஆயிரம் ஆண்டாக மாறாத கலை' என்று எழுதுவதுதான் பிரச்சினை. பார்ப்பவர்களில் ஆராய்ச்சியாளர்களும் இருப்பார்கள்.

"வெளிநாட்டுக்காரங்க வந்து கத்துக்கிட்டு அவங்க நாட்டுல போட்டுடுறாங்க. அது திருட்டு இல்லையா?"

யாரிடம், எப்படிக் கற்றார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. பிரான்சின் புகழ்பெற்ற 'தெயாத்ர் து சொலெய்' நாடகக் குழு 2016-ல் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தை மேடையேற்றியது. அதில் தெருக்கூத்துப் பாணியில் பாரதக் காட்சிகள் வரும். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் திருவண்ணாமலை மாவட்டம் புரிசையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். நாடகம் போன இடமெல்லாம், நியூயார்க் வரை, தெருக்கூத்தின் பெயரும் ஆசிரியரின் பெயரும் கூடவே போயின. 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீயும் வந்தது. இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன்.

நான் திருட்டு என்று சொல்வது வேறு. இரண்டு நாள் பட்டறைக்கு வந்து, பத்து அடவைக் காணொளியில் எடுத்து, ஊருக்குப் போய் 'ஆசிய ஆதித் தாளம்' என்று வகுப்பு நடத்துவது. இதை வெளிநாட்டவர்தான் செய்கிறார்கள் என்றும் இல்லை. நம்மூர் நகரத்துக் குழுக்கள் கிராமத்து வாத்தியாரிடம் கற்றுவிட்டு அவர் பெயரை விட்டுவிடுவது இதைவிட அதிகம்.

"மேடையில ஆடும்போது வீடியோ எடுக்குறாங்க. எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?"

உண்டு. பாரதக் கதைக்கும் மரபுப் பாட்டுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவை பொதுச் சொத்து. ஆனால் நீங்கள் அன்று ஆடிய ஆட்டத்தின் மேல் உங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் நிகழ்த்துநர் உரிமை சேர்க்கப்பட்டது, 2012-ல் இன்னும் வலுவாக்கப்பட்டது. 50 ஆண்டுகள் செல்லும். அனுமதியில்லாமல் பதிவு செய்து விற்க முடியாது. உங்கள் பெயரைப் போடச் சொல்லவும், ஆட்டத்தைச் சிதைத்து வெளியிட்டால் தட்டிக் கேட்கவும் உரிமை உண்டு.

ஆனால் விழாவுக்குப் போன முதல் நாள் கையெழுத்துக்கு நீட்டும் தாளில் இதையெல்லாம் நீங்களே விட்டுக்கொடுத்திருக்கலாம். அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆளைக் கேளுங்கள். பதிவில் ஒரு பிரதி குழுவுக்குத் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாத்தியார் காலமான பிறகு அவர் பாடியது பேரனுக்குக் கிடைக்காமல் ஏதோ நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருப்பது வேதனை. புவிசார் குறியீடு வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது பொருளுக்குத்தான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் கிடைத்தது. ஆட்டத்துக்கு வாங்க முடியாது.

"யுனெஸ்கோ பட்டியல்ல தெருக்கூத்து இல்லையாமே. அதுக்குப் போராட வேண்டாமா?"

இல்லைதான். கேரளத்துக் கூடியாட்டம் 2001-லேயே அறிவிக்கப்பட்டது. 2010-ல் கேரளத்தின் முடியேற்று, கிழக்கிந்தியாவின் சாவ் (Chhau) ஆட்டம், ராஜஸ்தானின் கால்பேலியா சேர்ந்தன. யுனெஸ்கோ தானாக வந்து தேடிப் பார்த்துப் பரிசு கொடுப்பதில்லை. இப்படிப்பட்ட மரபுகளைப் பாதுகாக்க 2003-ல் வந்த யுனெஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் இணைந்தது. விண்ணப்பக் கோப்பைத் தயாரித்து அனுப்ப வேண்டியது மத்திய அரசு, அந்தக் கலையைச் செய்யும் மக்களின் சம்மதத்தோடு. இந்தியா அளவுள்ள நாட்டில் எத்தனை கலைகள் அந்த வரிசையில் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேட்பதில் தவறில்லை. பட்டியலில் ஏறினால் பெயர் வரும், சுற்றுலா வரும், அழைப்பு வரும். மாதச் சம்பளம் வராது. தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற அமைப்புகள் ஒரு ஆசிரியருக்கும் சில மாணவர்களுக்கும் உதவித்தொகை கொடுக்கும் குரு சிஷ்யத் திட்டத்தை நடத்துகின்றன. என் கணக்கில், ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு வாத்தியாருக்கு அது ஒழுங்காகக் கிடைப்பது பட்டியலைவிட மேல்.

"விழா நடத்தியே கலையைக் காப்பாத்தின ஊர் ஏதாவது உண்டா?"

பல்கேரியாவில் கோப்ரிவ்ஷ்டிட்சா என்ற மலையூர். 1965 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒரு முறை அங்கே விழா நடக்கிறது. புல்வெளியில் ஒரே நேரத்தில் பல மேடைகள். தொழில்முறைக் குழுக்களுக்கு இடமில்லை; ஊர்ப்பாட்டிகளும் விவசாயிகளும் பேரப்பிள்ளைகளும்தான் பாடுகிறார்கள். முதலில் அந்தந்த வட்டாரத்தில் தேர்வு நடக்கிறது. அடுத்த விழாவுக்கு ஐந்தாண்டு இருப்பதால் நடுவில் ஊரில் பாட்டுக் கற்க நேரம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் வந்து பதிவு செய்து சேமிக்கிறார்கள். 2016-ல் யுனெஸ்கோ அதை நல்ல பாதுகாப்பு முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் 'பல்கேரிய நாட்டுப்புற இசை' என்று கொண்டாடியது பெரும்பாலும் அரசுக் குழுக்கள் மேடைக்காகக் கோவையாக அமைத்த கூட்டுப்பாடலை. 1951-ல் தொடங்கிய ஃபிலிப் குத்தேவ் குழு அதற்கு முன்னோடி. பதிவுகள் உலகெங்கும் விற்றன. ஊர்க்குரலுக்கோ அவ்வளவு சந்தை இல்லை. அதற்கென்று ஒரு புல்வெளியை ஒதுக்கி வைத்ததுதான் கோப்ரிவ்ஷ்டிட்சா செய்த காரியம். நான் மேலே கேட்ட 'எந்தக் கலை' என்ற கேள்வியை அவர்கள் அன்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"பறை உலக மேடைக்கே போயிடுச்சு. இனிமே அதுல சாதி எங்க இருக்கு?"

ஊரில் இருக்கிறது. சாவுக்கு அடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கட்டாய வேலையாக இருந்ததால்தான், பல ஊர்களில் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்துப் போராடினார்கள், அடி வாங்கினார்கள். பிறகு 1990-களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்கள் போன்ற மேடைகளில் அதே பறையை விடுதலையின் கருவியாகக் கையில் எடுத்தார்கள். இந்த இரண்டு முடிவுகளும் நியாயமானவை. ஒருவர் விட்டெறிந்ததைப் பார்த்து 'மரபை அழிக்கிறார்' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்று அமெரிக்காவில் பொறியாளர்கள் வாரக்கடைசியில் பறை பழகுகிறார்கள். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ. சந்தோஷம்தான். ஆனால் வெளிநாட்டு மேடையில் 'தமிழரின் ஆதி இசை' என்று மட்டும் அறிமுகம் செய்து, அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் யார், அதற்காக என்ன பட்டார்கள் என்பதை விட்டுவிடுவது எனக்கு ஒப்பவில்லை. அறிமுகம் பேச என்னைக் கூப்பிட்டால் இரண்டையும் சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

"வெளிநாடு போய் வந்தா கலைஞர் வாழ்க்கை மாறிடும்தானே?"

1985-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நடத்திய இந்திய விழாவில் டெல்லியில் கலைஞர்கள் குடியிருந்த கத்புத்லி காலனியின் பொம்மலாட்டக்காரர்களும் வித்தைக்காரர்களும் அசத்தினார்கள். ஊரில் அவர்கள் தெருவில் வித்தை காட்டினால் பிச்சையெடுப்புத் தடைச் சட்டத்தில் பிடிக்கலாம் என்ற நிலை அன்று இருந்தது. 2017-ல் அடுக்குமாடித் திட்டத்துக்காக அந்தக் காலனியே இடிக்கப்பட்டது. இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நல்லதும் நடக்கிறது. 'வெளிநாடு போன குழு' என்று நோட்டீசில் போட்டால் ஊரில் கூலி கொஞ்சம் கூடும். பிள்ளைகளுக்கு அப்பா தொழில் மேல் மதிப்பு வரும். போனவருக்கும் போகாதவருக்கும் நடுவே பொறாமை வந்து குழு உடைவதும் நடக்கும். வந்த பணத்தைப் பங்கு பிரிக்கும் முறையைப் பயணத்துக்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

"சாமி வர்ற ஆட்டத்தை மேடையில ஏத்தலாமா?"

கரகத்திலேயே பதில் இருக்கிறது. சக்திக் கரகம் கோயிலுக்கு, விரதம் இருந்து எடுப்பது. ஆட்டக் கரகம் நையாண்டி மேளத்தோடு மக்கள் முன் ஆடுவது. இந்தப் பிரிவை நம் முன்னோரே செய்துவைத்திருக்கிறார்கள். முதலாவதை மேடைக்குக் கேட்கும் அமைப்பாளரிடம் முடியாது என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அருள் வந்ததுபோல் நடித்துக் காட்டச் சொன்னால், குழு சம்மதித்தாலும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"நாமளே போய்ட்டிருக்கோம். அவங்கள நம்ம ஊருக்குக் கூப்பிட முடியாதா?"

முடியும். பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும்தானே. பெரிய அரங்கு வேண்டியதில்லை. புரிசையில், மேலே சொன்ன சம்பந்தனின் தந்தை கண்ணப்ப தம்பிரான் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் கூத்து விழா கிராமத்திலேயே, விடிய விடிய நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அங்கே போகிறார்கள். அந்த மாதிரி ஒரு இரவில் வெளிநாட்டுக் குழு முதலில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, பிறகு ஊராரோடு தரையில் உட்கார்ந்து முழுக்கூத்தையும் பார்க்கட்டும்.

நடைமுறை: அவர்கள் சுற்றுலா விசாவில் வந்து மேடையேறக் கூடாது, உரிய விசா எடுக்க அழைப்புக் கடிதம் நீங்கள் கொடுக்க வேண்டும். வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் சாப்பாடு. காரத்தைக் குறைக்கச் சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறைத்துவிட்டேன் என்று அவர் சொன்னால் நம்பாமல் நீங்களே ஒரு வாய் போட்டுப் பாருங்கள்.